பழம் வராத வியாதி

நாலு மணி அடித்தால் அந்தக் கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிடும். முழுசாக இல்லை, பாதிதான். கீழே தெரியும் இடைவெளியில் தையல் மிஷினின் கால் தெரியும், ஃபேன் காற்றில் ஆடும் சேலை ஓரங்கள் தெரியும், ஸ்டூல்மேல் தூக்கிப் போட்ட இரண்டு பாதங்கள் தெரியும். பாதங்களுக்குச் சொந்தக்காரி தரையில் மல்லாந்து கிடப்பாள். ஷட்டரில் ஒரு அட்டை தொங்கும். இந்தியில் யாரோ எழுதிக் கொடுத்தது. தமிழில் எழுதியது நான்.

"மனசுக்கு ரெஸ்ட். நாலரைக்கு வரவும்."

தாராவியில், அறுபது அடி ரோட்டில், அப்படி ஒரு அட்டையைத் தொங்கவிட தைரியம் வேண்டும். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. "லஞ்ச் டைம்னு போட்டுருவோமா அக்கா? கௌரவமா இருக்கும்" என்றேன்.

"நாலு மணிக்கு எவல லஞ்ச் திங்கா? உள்ளதை எழுது" என்றாள்.

சேலைக்கு அடியில் ஃபால் துணி வைத்துத் தைப்பதும் முந்தி ஓரத்தைச் சுருட்டிப் பீக்கோ அடிப்பதும் அக்காவின் தொழில். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு, நடுநடுவே பம்பாய் இந்தி. மிஷின் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியதால் மெதுவாகப் பேசவே வராது. பாபின் வைக்கிற டப்பாவில் இரண்டு மாத்திரை அட்டைகளும் கிடக்கும். சேலை கொண்டுவந்த அம்மாக்கள் கேட்காமலே எடுத்துக் காட்டுவாள். "இது தைராய்டுக்கு. இது மனசுக்கு. இதை விட்டா கழுத்து வீங்கும், அதை விட்டா நானே வீங்கிப்போவேன்." வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சேலையை எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது அந்தக் கடை இல்லை. அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். அக்கா தன் மகனோடு அம்பர்நாத்தில் இருக்கிறாள்.

அந்த அரை மணி நேரத்தில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுஞ் செய்யமாட்டேன்."

"சும்மா கிடக்கதுக்கா கடையை அடைக்கிய?"

"சும்மா கிடக்கது லேசுன்னு நெனச்சியோ? ரெண்டு வருசம் பழகியிருக்கேன்ல. முதல்ல அஞ்சு நிமிசம்கூட முடியல. மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

ஒரு நாள் நாலு பத்துக்கு ஒரு கல்யாணப் பெண் ஷட்டருக்கு வெளியே நின்று அழுதாள். அன்றைக்கு இரவே ரிசப்ஷன், சேலைக்கு இன்னும் ஃபால் வைக்கவில்லை. அவள் அம்மா மராட்டியில் அக்காவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். பாதங்கள் அசையவில்லை. "சாடே சார்!", நாலரைக்குத்தான் என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. சரியாக நாலரைக்கு ஷட்டர் ஏறியது. இருபது நிமிஷத்தில் தைத்து, மடித்து, அந்தப் பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. பாவம் பார்த்துத் திறந்திருக்கக் கூடாதா என்றேன்.

"நாலு பத்துக்குத் தெறந்திருந்தா கோணலாத் தச்சிருப்பேன். அந்தப் பிள்ளை அதைக் கட்டிக்கிட்டு ஊர் முன்னால நின்னிருக்கும். போலே, போயி வேலையைப் பாரு." சும்மா சொல்லக்கூடாது, தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

அக்கா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. கர்ப்பப்பை ஆப்பரேஷன் ஆகி வீட்டில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிளை எண்ணினாளாம். முப்பத்திரண்டு. மோசம்பி, அதாவது சாத்துக்குடி, தனி. அதற்கு மறுவருஷம் மனசுக்கு முடியாமல் அதே கட்டிலில், அதே பாயில், இரண்டு மாதம் எழுந்திருக்காமல் கிடந்தாள். "வந்தது ஒரே ஒரு பழம். எலுமிச்சம்பழம். தலையில தேய்க்கச் சொல்லி." இதைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். பிறகு சொல்லுவாள்: "உடம்புக்கு வந்தா ஊரே பழம் கொண்டுட்டு வரும். மனசுக்கு வந்தா ஊரே புத்தி கொண்டுட்டு வரும்."

எனக்கும் அவளுக்கும் பழக்கம் ஜெபக்கூட்டத்தில். வெள்ளிக்கிழமைதோறும் ஏழு மணிக்கு எங்கள் சந்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பதினைந்து பேர் முழங்கால் இடிக்க உட்காரும் அளவு வீடு. கூட்டத்தை நடத்துவது அண்ணாச்சி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஜெப விண்ணப்ப நோட்டு என் கையில். கார்ப்பரேஷன் தமிழ் ஸ்கூலில் பத்தாவது வரை படித்தவன் என்பதால் அந்தப் பதவி. சின்னப் பிள்ளைகளுக்கு இந்திதான் வாசிக்க வரும். ஆளாளுக்கு வந்து காதில் சொல்லுவார்கள், நான் எழுதிக்கொண்டு சத்தமாக வாசிப்பேன், எல்லாரும் அதற்காக ஜெபிப்போம்.

நான் எழுதும் விதம் ஒன்று உண்டு. புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒருத்தி சொன்னால் "குடும்ப சமாதானத்துக்காக" என்று எழுதுவேன். மகன் ஜெயிலில் இருந்தால் "தூரத்தில் இருக்கும் மகனுக்காக". மற்றவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

அக்கா முதல்முறை வந்து, "எனக்கு டிப்ரஷன். மாத்திரை சாப்பிடுதேன். சுகமாகணும்னு எழுது" என்றாள். நான் "சகோதரியின் தலைவலிக்காக" என்று வாசித்தேன். எல்லாரும் கண்ணை மூடித் தலைவலிக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். ஆமென் சொன்னதும் அக்கா எழுந்து நின்றாள்.

"ஏம்ல, யாருக்குத் தலைவலி?"

"உங்களுக்குத்தான் அக்கா. கொஞ்சம் நாசூக்கா..."

"டாக்டர்கிட்ட வயித்துவலியைப் பல்வலின்னு சொன்னா பல்லைத்தானே புடுங்குவான்? தப்பான வியாதிக்கு ஜெபம் பண்ணுனா ஆண்டவர் எந்த மாத்திரையைக் குடுப்பாரு? அடிச்சிட்டு ஒழுங்கா எழுது."

பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க அடித்தேன். எழுதினேன். திரும்ப வாசித்தேன். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "சிஸ்டர், விசுவாசம் இருந்தா இதுக்கெல்லாம் மாத்திரை எதுக்கு? அதை முதல்ல நிறுத்துங்க."

"அண்ணாச்சி, நீங்க சுகர் மாத்திரையை நிறுத்துங்க. நானும் இதை நிறுத்துதேன். ரெண்டு பேரும் சேர்ந்து விசுவாசமா இருப்போம்" என்றாள் அக்கா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வாராவாரம் அவர் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டத்தை முடிக்கமாட்டார். அக்காவும் வாராவாரம் வருவதை நிறுத்தவில்லை.

அக்கா ஜெபம் செய்வதே தனி ரகம். அட்ரஸ் சொல்லித்தான் ஜெபிப்பாள். "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். பால்கடைக்கு எதுத்தாப்பல, மாடி ரூமு, ஏணி ஆடும், பாத்து ஏறும்." கடவுளுக்குத் தெரியாதா அக்கா என்று கேட்டால், "பம்பாய்ல அட்ரஸ் சரியாச் சொல்லலைன்னா போஸ்ட்மேனே திரும்பிப் போயிருதான்" என்பாள்.

இப்படிப்பட்டவளை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு வந்தது பாருங்கள்.

சயானில் வண்டி ஏறினால் மாட்டுங்கா, அடுத்து தாதர். இரண்டே ஸ்டேஷன். தாதரில் ஒரு கூரியர் ஆபீசில் பதினோரு வருஷமாக வேலை. திடீரென்று ஒரு காலை வண்டியில் ஏற முடியவில்லை. கூட்டம் எப்போதும்போலத்தான். நெஞ்சு இறுகிற்று, கை குளிர்ந்தது, வண்டி போய்விட்டது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும். தூக்கம் ஏற்கெனவே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சாப்பாடு மண்ணாக இருந்தது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன். வீட்டில் சொல்லாமல் சயானிலிருந்து தாதருக்கு நடக்க ஆரம்பித்தேன். லேட் மார்க்குமேல் லேட் மார்க். இன்னும் ஒரு தடவை என்றால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார் மேனேஜர். செருப்பு தேய்ந்ததைப் பார்த்து என் மனைவி, "எங்க சுத்துதிய? யாரு அவ?" என்று கேட்டாள். நான் செருப்பைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

லேட்டுக்குப் பயந்து ஒரு நாள் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்துகொண்டிருக்கிறது, நான் பிளாட்பார ஓரத்து மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறேன். எப்போது தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. பின்னாலிருந்து ஒரு மீன்காரி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, "மாகே ஹோ!", பின்னால் போ என்று மராட்டியில் கத்தினாள். கூடையோடு அவளும் ஆடிப்போய் நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நடுங்கினேன். சாகவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. நினைக்காமலே அங்கே போய் நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த வெள்ளிக்கிழமை நோட்டில் என் விண்ணப்பத்தை நானே எழுதினேன். பழக்கதோஷம் விடுமா? "ஒரு சகோதரனின் பிரயாணத்துக்காக."

"பிரயாணமா? ஊருக்கா?" என்றார் அண்ணாச்சி. "லீவு சீசன். டிக்கெட் கெடைக்காதே."

அவ்வளவுதான். பதினைந்து பேரும் அந்தச் சகோதரனின் வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபார்ம் ஆகவேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்தார்கள். லோயர் பெர்த் கிடைக்கவேண்டும் என்றும் ஒருவர் சேர்த்துக்கொண்டார். நான் நடுவில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினேன். கண்ணைத் திறந்தபோது அக்கா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளி அப்படி எழுதவில்லை. "ஒரு சகோதரன். பெயர் வேண்டாம் என்கிறார். மனது சரியில்லை. தூக்கமில்லை. ரயிலில் ஏற முடியவில்லை. பயமாக இருக்கிறது." வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணாச்சியின் மாத்திரைப் பிரசங்கத்துக்காகக் காத்திருந்தேன். அவர் என்னவோ அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அக்கா ஜெபிக்கத் தொடங்கினாள்.

"ஆண்டவரே, பேரு வேண்டாம்னுட்டான், இருக்கட்டும். உமக்கு ஆளு தெரியும். நீர் போயி அவன்கிட்ட சொல்லும். செவ்வாக்கெழமை காலையில எட்டு மணி. நான் மாத்திரை வாங்கப் போற பெரிய ஆஸ்பத்திரி, எல்லாருக்கும் தெரியும். மாத்திரை குடுக்கிற ஜன்னலுக்கு எதுத்தாப்பல ஒரு பெஞ்சு. அங்கன நான் மஞ்ச சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். கேஸ் பேப்பர், அதான் ஓ.பி. சீட்டு, எடுக்க நான் கூட வாரேன். மூணாம் நம்பர் ரூம்ல டாக்டரம்மா இருக்கு, நாம சொல்லுததைக் கேக்கும். யாரும் அவனைக் கடிச்சுத் தின்னமாட்டாங்க. வரலைன்னா நான் கோவிச்சுக்கமாட்டேன், ஆனா பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன். ஆமென்."

நான் போகவில்லை. செவ்வாய் காலை எட்டு மணிக்கு மாட்டுங்கா பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஆபீசில், பெஞ்சில் இருக்கிற மஞ்சள் சேலையை நினைத்தேன். பன்னிரண்டு மணி வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடையை மூடிப்போட்டு எனக்காக ஒரு பொம்பளை நாலு மணி நேரம் காத்திருக்கிறாள், நான் இங்கே பார்சலுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா மறுபடி ஜெபித்தாள். "ஆண்டவரே, எழுதிக் குடுத்த தம்பி வரல. பரவாயில்ல. வந்தவங்களுக்காக ஸ்தோத்திரம். இந்தச் செவ்வாயும் அதே பெஞ்சு, அதே சேலை. தொவச்சுப் போட்டிருக்கேன்."

வந்தவங்களா? யார் வந்தது? எனக்குப் புரியவில்லை. ஆனால் துவைத்துப் போட்டிருக்கிறேன் என்றாளே, அதற்குமேல் என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்டே காலுக்குப் போனேன். மருந்து ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் மஞ்சள் சேலை தெரிந்தது. பக்கத்தில், கேஸ் பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி!

எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நான் எழுதிக் குடுக்கல தம்பி" என்றார் அண்ணாச்சி, குரலே இல்லாமல். "ஆனா சிஸ்டர் ஜெபம் பண்ணும்போது என்னைத்தான் கூப்பிடுதாங்கன்னு நெனச்சு போன செவ்வாயே வந்துட்டேன். வீட்டுக்காரி போயி ரெண்டு வருசம் ஆச்சு. ராத்திரி அவ தலகாணிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். பிள்ளைங்க சிரிக்கானுவ. உங்க எல்லாருக்கும் நான் தைரியம் சொல்லுதேன், எனக்கு யாரு சொல்லுவா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "ஒருத்தனுக்கு அட்ரஸ் சொன்னேன், ரெண்டு பேரு வந்திருக்கிய. அடுத்த வாட்டி பெரிய பெஞ்சாப் பாக்கணும்."

"நான்தான்னு தெரியுமா அக்கா?"

"தெரியாமலா? லோயர் பெர்த்துக்கு ஜெபம் பண்ணும்போது நீ முழிச்ச முழி இருக்கே!"

"தெரிஞ்சும் ஏன் நேரா கேக்கல?"

"நான் கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்ப. அப்புறம் அந்தப் பொய்யை வேற நீ சுமக்கணும்." என் கையைப் பிடித்துக் கேஸ் பேப்பர் வரிசைக்கு இழுத்துப்போனாள். என்ன வியாதி, எந்த டிபார்ட்மென்ட் என்று ஜன்னலில் இருந்தவர் இந்தியில் கேட்டார். நான் தயங்கினேன். அக்கா சொல்லவில்லை. என் விலாவில் ஒரு குத்து குத்தினாள், அவ்வளவுதான். நானே சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இதற்கா இத்தனை மாதம் பயந்தேன் என்று இருந்தது.

சாயங்காலம் மனைவியிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றதையும் சொன்னேன். அவள் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திவிட்டு, "நான் எவளோன்னுல்லா நெனச்சேன்" என்றாள். "நோய்தானே? நோய்னா பாத்துக்கிடலாம்." மறுநாளிலிருந்து அவளே கூட வந்து வண்டியில் ஏற்றிவிட்டாள். சில நாள் ஏறினேன், சில நாள் முடியவில்லை. மேனேஜரிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு மாதம் பத்தரைக்கு வா என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நோட்டைத் திறந்தேன். என் பெயரை எழுதி, பக்கத்தில் வியாதியை எழுதி, அப்படியே வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தாள். இன்றைக்குப் பார்த்து இவளுக்குப் பேச்சு வரவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அண்ணாச்சிதான் ஜெபித்தார். மாத்திரையை ஆசீர்வதியும் ஆண்டவரே என்றார். தனக்கும் சேர்த்து என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அண்ணாச்சி, கையில் ஒரு டஜன் வாழைப்பழம். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். உட்கார்ந்தார், காப்பி குடித்தார், என் மகளின் ஸ்கூலைப் பற்றிக் கேட்டார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவர் போகுமுன் மோசம்பியோடு இன்னொருவர் வந்தார். பிறகு ஆப்பிள், மாதுளை, மறுபடி ஆப்பிள். யார் யாரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. எட்டு மணிக்குள் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அரிசி டப்பாவின்மேலும் டிவியின்மேலும் பழம். என் மனைவி வருகிறவர்களுக்கு உட்கார இடம் காட்டமுடியாமல் திண்டாடினாள். நான் பாயில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அக்கா வந்தாள். வெறுங்கை. வாசலில் நின்றபடியே பழங்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாள். எண்ணி முடிக்கவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி முந்தியில் துடைத்தாள். பிறகு உள்ளே வந்து டிவியின்மேல் இருந்த ஆப்பிள் ஒன்றை எடுத்து, சேலையில் தேய்த்து, ஒரு கடி கடித்தாள்.

"இது எனக்கு வரவேண்டிய பழம்ல" என்றாள்.